கம்பங்கூழ் குடித்தேன், பதக்கத்தைக் கனவு கண்டேன், 31ஆம் கிலோமீட்டரில் நின்றுவிட்டேன்

அதிகாலை 4 மணி | பிப்ரவரி 2

வணக்கம். ('அதிகாலை 4 மணி' என்பது இந்த இணையக் குழுவில் என் புனைபெயர்.) சென்ற மாதம் சென்னையில் முழு மாரத்தானில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். ஓடி முடித்தேன் என்று எழுத மனம் ஒப்பவில்லை. 31ஆம் கிலோமீட்டருக்குப் பிறகு பெரும்பகுதி நடந்தேதான் வந்து சேர்ந்தேன். வயது 41, எடை 68 கிலோ, வேளச்சேரியில் வீடு. பயிற்சியில் குறை வைத்ததாகத் தோன்றவில்லை: ஏழு மாதங்கள், வாரத்துக்கு நான்கு நாள்கள், ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம், அவற்றுள் இரண்டு 30 கிலோமீட்டரைத் தொட்டவை. வேறு இரண்டு இடங்களில் தவறியிருக்கலாம் என்ற ஐயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலாவது உணவு. ஓடும்போது உண்ணக் கடையில் விற்கும் சர்க்கரை ஜெல் பொட்டலங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் தாத்தா மதுராந்தகத்துக்கு அருகே கம்பங்கூழைக் குடித்துவிட்டு உச்சிவெயில் வரை ஏர் ஓட்டியவர். அவருக்குத் தாங்கியது எனக்கும் தாங்கும் என்று எண்ணி, போட்டியன்று அதிகாலை 2.45 மணிக்கு இரண்டு பெரிய குவளை கம்பங்கூழை மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். வழியில் தண்ணீரும் இளநீரும் தவிர வேறெதையும் தொடவில்லை.

இரண்டாவது மனக்காட்சி. ஒரு காணொளியில் சொன்னபடி மூன்று மாதங்களாக ஒவ்வோர் இரவும் கண்ணை மூடிக்கொண்டு, முடிவுக்கோட்டைக் கைகளை உயர்த்தியபடி கடப்பதையும், கழுத்தில் பதக்கம் விழுவதையும், என் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வதையும் பார்த்துவந்தேன். அந்தக் காட்சி எவ்வளவு தெளிவாகப் பழகிவிட்டதென்றால், போட்டிக்கு முந்தைய வாரத்தில் ஏற்கெனவே ஓடி முடித்துவிட்ட ஒரு நிறைவே எனக்குள் இருந்தது.

நடந்தது வேறு. 12ஆம் கிலோமீட்டரில் வயிறு கனத்தது. 18க்குள் இரண்டு முறை கழிப்பறை தேட வேண்டியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்பி வரும்போது, திருவான்மியூருக்குச் சற்று முன்னால், பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரைப் போலக் கால்கள் இரண்டு உதறு உதறிவிட்டு நின்றன. அந்த நேரத்தில் முடிவுக்கோட்டை மனத்தில் கொண்டுவர முயன்றேன்; எரிச்சல்தான் வந்தது. மரபு உணவும் நல்லெண்ணமும் வெறும் பேச்சுத்தானா, நான் பயன்படுத்திய விதம் தவறா? அனுபவமுள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

எடைத்தராசு | பிப்ரவரி 2

நான் உணவியல் படித்துக் கீழ்ப்பாக்கத்தில் பணியாற்றுகிறேன். இரண்டு அரை மாரத்தான்கள் ஓடிய அனுபவமும் உண்டு. உங்கள் தாத்தா செய்த வேலையையும் நீங்கள் செய்த வேலையையும் ஒன்றாக எண்ணியதில்தான் முதல் பிழை இருக்கிறது. ஏர் ஓட்டுவது பல மணி நேரம் நிதானமாக நடக்கும் உழைப்பு. இடையில் வரப்பில் உட்காரலாம், மறுபடியும் தூக்குச்சட்டியைத் திறக்கலாம், கொழுப்பை மெல்ல எரித்தே பெரும்பகுதியை ஓட்டிவிடலாம். மாரத்தான் வேகத்தில் ஓடும் உடல் முதன்மையாக மாவுச்சத்தையே எரிக்கிறது. தசைகளிலும் கல்லீரலிலுமாக நாம் சேர்த்துவைக்கக்கூடிய கிளைக்கோஜன், அதாவது மாவுச்சத்தின் கையிருப்பு, ஏறத்தாழ 500 கிராம், அதாவது சுமார் 2,000 கலோரி. ஒரு கிலோ எடைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்ற பழைய கணக்கை வைத்தால், 68 கிலோ எடையுள்ள நீங்கள் 42 கிலோமீட்டருக்கு 2,850 கலோரி செலவழிக்கிறீர்கள். அதில் ஒரு பங்கைக் கொழுப்பு தந்தாலும், வழியில் எதுவும் உண்ணாதவருக்கு 30க்கும் 35க்கும் இடையே கையிருப்பு தீர்வது வியப்பில்லை. 31 என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, மன்னிக்கவும். பாடநூலில் அச்சிட்டதைப் போல இருந்தது.

இனி கூழ். 100 கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. பயிற்சி மாதங்களில் இந்த நார்ச்சத்து நமக்கு நண்பன். ஓடும்போதோ, குடலுக்குப் போகும் இரத்தத்தைத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. அப்போது செரிக்கத் தாமதமாகும் எதுவும் உள்ளே கிடந்து குலுங்கும். அதனால்தான் போட்டிக்கு முந்தைய ஒன்றிரண்டு நாள்களில் நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்கிறோம். சின்ன வெங்காயத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே கம்பும் கேழ்வரகும் வேண்டாம் என்பதில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எலும்பைத் தினமும் தரையில் மோதும் நமக்கு அது எளிதில் கிடைக்காத கொடை. திங்கள் முதல் வெள்ளி வரை களியும் கூழும் அடையும் உண்ணுங்கள். கடைசி இரண்டு நாள்களில் வெள்ளைச் சோற்றுக்கும் இட்லிக்கும் மாறிவிடுங்கள். போட்டியன்று காலை மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நான்கைந்து இட்லியைச் சர்க்கரையோடோ தேனோடோ தொட்டுக்கொண்டால் போதும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் அன்றைக்கு விடுமுறையில் இருக்கட்டும். இட்லியும் நம் மரபு உணவுதான். சிறுதானியத்துக்கு மட்டும் மரபு என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்தக் காலத்து வழக்கம் எனக்குப் புரிவதே இல்லை.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கென்ய நாட்டு முன்னணி ஓட்டவீரர்கள் உண்பதை அளந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் பெற்ற ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்திலிருந்தே வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் அளவு. அவர்களுடைய முதன்மை உணவான உகாலி, மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறிய கெட்டிக் களியேதான். 2019இல் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடிய எலியூட் கிப்சோகேயும் உகாலி உண்டு வளர்ந்தவர்தான். ஆனால் அந்த ஓட்டத்தின்போது அவர் கையில் இருந்தது களி உருண்டை இல்லை. சர்க்கரை கரைத்த பானம்.

பழையது பிரியர் | பிப்ரவரி 3

மேலே எழுதிய அம்மையார் பழைய சோற்றை மறந்துவிட்டார். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்புச்சத்து, 12 மணி நேரம் ஊறியபின் 73.91 மில்லிகிராமாக உயர்கிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். இந்தச் செய்தி எங்கள் குடும்பக் குழுவில் வாரம் ஒரு முறை வருகிறது. ஓட்டக்காரருக்கு இரும்புச்சத்துதானே உயிர்? நான் பத்து ஆண்டுகளாகக் காலையில் நீராகாரம் குடித்துவிட்டு அண்ணா நகர் டவர் பூங்காவைச் சுற்றி ஓடுகிறேன். ஒரு நாளும் சோர்ந்ததில்லை.

வேதியியல் வாத்தியார் | பிப்ரவரி 3

நண்பரே, பழைய சோற்றின் மீது எனக்கும் காதல் உண்டு; ஆனால் அந்த 73.91 என் தூக்கத்தைக் கெடுத்த எண். இரும்பு ஒரு தனிமம். மண்பானையில் தண்ணீரும் சோறும் நுண்ணுயிர்களும் சேர்ந்து இரவு முழுவதும் எதைச் செய்தாலும் ஒரே ஓர் இரும்பணுவைக்கூட அவற்றால் புதிதாகப் படைக்க முடியாது. அது விண்மீன்களின் வயிற்றில் நடக்கும் வேலை. பானைக்குள் 21 மடங்கு இரும்பு புதிதாகத் தோன்றியதென்றால், ஒன்று பாத்திரத்திலிருந்து கரைந்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது அளவீட்டில் பிழை இருக்க வேண்டும். தொடக்க எண்ணே ஐயத்துக்குரியது: தீட்டிய பச்சரிசியில்கூட 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் இரும்பு இருக்கும், வடித்த சோற்றில் அதைவிடக் குறைவு.

உண்மையில் நடப்பது வேறு, அதுவும் சுவையானதே. தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு குடலுக்குள் உறிஞ்சவிடாது. புளிக்கும்போது அந்த அமிலம் சிதைகிறது; பிடி தளர்கிறது; இருக்கும் கொஞ்சம் இரும்பில் கூடுதலான பங்கு உடலில் சேர்கிறது. கூழுக்கு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்கவைத்தார்களே நம் பாட்டிமார், அந்தப் பழக்கத்தின் பயன் இதுதான். கம்பில் இரும்பும் கூடுதல், ஃபைட்டிக் அமிலமும் கூடுதல் என்பதால் புளிக்கவைக்காமல் அவசரமாகக் கிண்டிய கூழில் பாதிப் பயன் போய்விடுகிறது. உணவோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால் உறிஞ்சல் கூடும்; உண்டு முடித்த கையோடு தேநீர் குடித்தால் குறையும். ஓடி முடித்ததும் கூழ் வண்டியில் ஒரு சொம்பு குடித்துவிட்டு அடுத்த கடையில் டீ சொல்லும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே ஆராயத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட நிதானமான கேள்விகளுக்குத் தகுதியான உணவை வாட்ஸாப் எண்களால் அலங்கரிப்பது அதற்கே அவமானம்.

பழையது பிரியர் | பிப்ரவரி 3

எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீராகாரத்தைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

தண்டையார்பேட்டை ஓட்டம் | பிப்ரவரி 5

உணவைப் பற்றி எழுதுகிறீர்கள். உப்பை யாரும் தொடவில்லையே. கேள்வி கேட்டவர் வழியெல்லாம் தண்ணீரும் இளநீரும் மட்டும் குடித்ததாக எழுதியிருக்கிறார். ஜனவரி விடியற்காலையிலும் நம் ஊர்க் காற்று ஈரமாகத்தான் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே தங்கும், உடல் குளிராமல் மேலும் வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது; ஆளுக்கு ஆள் இது பாதியாகவும் இருக்கலாம், இரு மடங்காகவும் இருக்கலாம். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் மிகக் குறைவு. வெயிலில் நடந்து வந்தவருக்கு அது அமுதம். நான்கு மணி நேரம் வியர்த்தவருக்கு இழந்ததைத் தராமல் வேறொன்றைத் தருகிறது.

தண்ணீரை அளவின்றிக் குடிப்பதில் ஆபத்தும் உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுமே அதிகம் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே ஒவ்வொரு பந்தலிலும் கட்டாயமாக இரண்டு டம்ளர் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. அந்தக் கணக்கு தெரிந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

நான் ஐந்து ஆண்டுகளாகப் பானகம் எடுத்துச் செல்கிறேன். அரை லிட்டர் தண்ணீரில் 35 கிராம் வெல்லம், ஒரு கிராம் உப்பு, எலுமிச்சைச் சாறு சிறிது, சுக்குப்பொடி விரல் நுனியில் எடுக்கும் அளவு. கணக்குப் போட்டால் சர்க்கரை 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களும் 6 முதல் 8 விழுக்காட்டுக்குள்தான். வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ், அதில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இரண்டும் குடலில் வெவ்வேறு வாசல் வழியாக நுழைவதால் ஒன்றை ஒன்று மறிப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு புட்டியும் ஒரு வாழைப்பழமும் என்றால் 55 கிராம் மாவுச்சத்து சேர்ந்துவிடும். மணிக்கு 30 முதல் 60 கிராம் என்பதே பொதுவான பரிந்துரை. ராமநவமிக்குக் கோவிலில் வாங்கிக் குடித்ததையே சற்று நீர்க்கவைத்து உப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். வெல்லத்தைக் கரைத்தபின் வெள்ளைத் துணியில் இருமுறை வடிகட்டுங்கள்; ஓடும்போது பல்லில் மண் கடிபடுவது நல்ல அனுபவம் அன்று. வெல்லத்துக்குப் பதிலாகக் கருப்பட்டி சேர்த்தும் பார்த்தேன். சுவை கனமாகி, 20 கிலோமீட்டருக்குப் பிறகு குமட்டியது.

கடலைமிட்டாயை இடுப்புப்பையில் போட்டுக்கொண்டு ஓடும் தம்பிகளுக்கும் ஒரு சொல்: கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், ஆனால் கடலையின் எண்ணெயும் புரதமும் ஓட்டத்தின் நடுவே எளிதில் செரிக்காது. முடித்துவிட்டு வந்து உண்ணுங்கள்.

அதிகாலை 4 மணி | பிப்ரவரி 6

அனைவருக்கும் நன்றி. கணக்கைப் பார்த்தபின் கால்களின் மீது இருந்த கோபம் தணிந்தது. ஓர் ஐயம்: போட்டிக்கு முன் கிலோவுக்கு 10 கிராம் மாவுச்சத்து என்றால் எனக்கு நாளொன்றுக்கு 680 கிராம். சோறாக மட்டும் உண்டால் முக்கால் கிலோவுக்கு மேல் அரிசியைச் சமைக்க வேண்டுமே? என் மனைவி கேட்டுவிட்டு, இது ஓட்டத்துக்கா அன்னதானத்துக்கா என்கிறார்.

என் இரண்டாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. மூன்று மாத மனக்காட்சி ஏன் கைவிட்டது?

எடைத்தராசு | பிப்ரவரி 6

சோற்றால் மட்டும் நிரப்ப வேண்டாம். இட்லி, அவல், வாழைப்பழம், பேரீச்சை, பழச்சாறு, வெல்லப்பாகு ஊற்றிய இடியாப்பம் என்று ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். எண்ணெயையும் பருப்பையும் குறைத்தால் இடம் தானாகக் கிடைக்கும். முதல் முயற்சியில் 7 அல்லது 8 கிராமை எட்டினாலே வேறுபாடு தெரியும். எடை ஒரு கிலோ கூடும், பயப்பட வேண்டாம். கிளைக்கோஜன் தன்னோடு நீரையும் சேர்த்துக்கொண்டுதான் தங்கும்.

நீச்சல்குளத்து அம்மா | பிப்ரவரி 8

நான் ஓட்டக்காரி அல்லள். என் மகள் வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் பயிற்சி பெறுகிறாள். நான்கு ஆண்டுகளாகக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பெற்ற அறிவே என்னுடையது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விடை ஒன்று உண்டு.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசி 50 மீட்டரில் அவருக்குச் சுவரே தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 விநாடி, உலகச் சாதனை. பாப் போமன் என்ற அவருடைய பயிற்சியாளர், சிறுவயதிலிருந்தே இரவும் காலையும் போட்டியை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கப் பழக்கியிருந்தார். எல்லாம் சரியாக நடப்பதையும், இடையில் ஒன்று கெட்டுப்போவதையும் சேர்த்தே. நீங்கள் சொன்ன காட்சியில் பதக்கம் இருக்கிறது, மகள் இருக்கிறாள், திருவான்மியூர் இல்லை. 31ஆம் கிலோமீட்டரை நீங்கள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, அதனால்தான் அது வந்தபோது அறிமுகமற்ற ஆளைப் போல நின்றது.

என் மகளிடம் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திரும்பும் சுவரைப் பற்றித்தான் கேட்கிறேன்: எத்தனையாவது வீச்சில் சுவர் வந்தது, கால் எங்கே பதிந்தது என்று.

உளவியல் மாணவி | பிப்ரவரி 9

மேலே அம்மா எழுதியதற்குப் பின்னால் நெடுங்கால ஆராய்ச்சி இருக்கிறது. நியூயார்க், ஹாம்பர்க் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய காப்ரியேல் எட்டிங்கன், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பையும் நல்லது நடந்துவிட்டதாகக் கண்டு மகிழும் கற்பனையையும் பிரித்துக் காட்டினார். 2002இல் வெளியான ஆய்வில், படித்து முடித்து வேலை தேடும் பட்டதாரிகளுள் நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கற்பனையில் திளைத்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்தார்கள், குறைவான வாய்ப்புகளையே பெற்றார்கள். தம் பழைய அனுபவத்தை வைத்து நம்பிக்கையோடு எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. 2011இல் ஹெதர் காப்பஸ் என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய சோதனைகளில், இனிய கற்பனைக்குப் பிறகு இரத்த அழுத்தமே சற்று இறங்கியது. உடல் வேலை முடிந்துவிட்டது என்று ஓய்வுக்குத் தயாரானது. போட்டிக்கு முந்தைய வாரத்தில் 'ஓடி முடித்துவிட்ட நிறைவு' இருந்ததாக எழுதினீர்களே, அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

இதனால் மனக்காட்சியே வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். க்ளீவ்லாண்டில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரங்கள் விரலை அசைப்பதாக மனத்தால் மட்டும் முயன்றவர்களின் விரல் வலிமை 35 விழுக்காடு கூடியது. 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மனப்பயிற்சி பயன் தருகிறது, ஆனால் மெய்யான பயிற்சிக்கு ஈடாகாது, 20 நிமிடம் அளவில் செய்வது போதும் என்பதே தெரியவந்தது. எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. முடிவைப் பார்த்தால் மனம் அங்கேயே தங்கிவிடும். செயலைப் பார்த்தால் அதற்கு உடல் ஒத்திகை எடுத்துக்கொள்ளும்.

செய்முறை இப்படி. ஓடும் சட்டையையும் காலணியையும் அணிந்துகொண்டு, நின்றபடியே செய்யுங்கள்; படுக்கையில் வேண்டாம், தூக்கம் முந்திக்கொள்ளும். நேரத்தைச் சுருக்காமல், நிஜ வேகத்தில், ஒரு குறிப்பிட்ட இரண்டு கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றும், ஈரச் சட்டையின் கனமும், வாயில் ஊறும் வெல்லத்தின் சுவையும் அதில் இருக்க வேண்டும். பிறகு தடையைக் கொண்டுவாருங்கள், அதற்கு ஒரு 'வந்தால் செய்வேன்' வாக்கியத்தைக் கட்டுங்கள்: தொடை இறுகினால் ஓடும் காலடியைக் குறுக்குவேன், நிற்கத் தோன்றினால் அடுத்த விளக்குக்கம்பம் வரை எண்ணுவேன். இத்தகைய வாக்கியங்களின் வலிமையைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் 1999இலேயே எழுதியிருக்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்வதையும் சேர்க்கலாம்: 2014இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வாரம் அதைப் பழகியவர்கள் சைக்கிள் மிதித்துக் களைத்து நிற்கும் வரையிலான நேரம் 18 விழுக்காடு நீண்டது.

மயிலாப்பூர் நடை | பிப்ரவரி 10

எனக்கு 67 வயது. ஒன்பது மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன், கடைசி மூன்றும் அறுபதுக்குப் பிறகு. எந்த ஆய்வும் படிக்காமல், எந்தக் காட்சியையும் காணாமல் ஓடினேன். உங்கள் தலைமுறைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை தேவைப்படுகிறதே என்று சற்று எரிச்சலோடுதான் இவற்றைப் படித்தேன்.

படித்தபின் நினைவுக்கு வந்தது: போட்டிக்கு முந்தைய மாலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்கார்ந்து, உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம், சாந்தோம், பட்டினப்பாக்கம், திரு.வி.க. பாலம், பெசன்ட் நகர் என்று தடத்தை மனத்தால் ஒரு முறை நடந்து வருவேன்; எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் காற்று எதிராக அடிக்கும் என்று பார்த்துக்கொள்வேன். அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டென்று எனக்குத் தெரியாது. ஆகவே என் எரிச்சலை விலக்கிக்கொள்கிறேன், பாதி அளவுக்கு.

எடைத்தராசு | பிப்ரவரி 11

ஐயா எழுதியதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றுகிறது. உணவையும் மனத்தையும் இரண்டு தனிக் கேள்விகளாக நாம் வைத்துக்கொண்டோம். உடல் அப்படி வைத்துக்கொள்வதில்லை. 2004இல் பர்மிங்காமில் சைக்கிள் வீரர்களுக்கு மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, விழுங்காமல் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். வயிற்றுக்குள் ஒரு துளியும் போகவில்லை; ஆனாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் போட்டியை அவர்கள் 2.9 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். உணவு வருகிறது என்று நாக்கு சொன்னதை மூளை நம்பி, பிடித்துவைத்திருந்த கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்திவிட்டது. எனவே 31ஆம் கிலோமீட்டரைக் கற்பனை செய்யும்போது அந்தக் காட்சிக்குள் பானகப் புட்டியும் இருக்கட்டும். கை இடுப்புக்குப் போவது, மூடியைத் திறப்பது, முதல் மடக்கை வாயில் ஐந்து விநாடி வைத்திருப்பது வரை.

அதிகாலை 4 மணி | அக்டோபர் 6

எட்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். நேற்று 32 கிலோமீட்டர் ஒத்திகை ஓட்டம். அதிகாலை 4 மணிக்கு நேப்பியர் பாலத்தில் தொடங்கி நீலாங்கரைக்கு அப்பால் வரை சென்று திரும்பினேன்.

முந்தைய இரண்டு நாள்களும் கம்பைத் தொடவில்லை. கிலோ எடைக்கு எட்டு கிராம் மாவுச்சத்துக்கு மேல் என்னால் உண்ண முடியவில்லை. இடியாப்பம் பெரிதும் கைகொடுத்தது. அதிகாலை ஒன்றரை மணிக்கு ஐந்து இட்லி, நாட்டுச்சர்க்கரை. வயிறு கடைசி வரை பேசவே இல்லை. மூன்று மாதங்களாகப் பதக்கத்தை விட்டுவிட்டு, பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூர் வரையுள்ள பகுதியை மட்டும் வாரத்துக்கு மூன்று முறை, மொட்டைமாடியில் காலணியோடு நின்று பார்த்துவந்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு நாள் மேலே வந்து, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில், பாலவாக்கத்தைத் தாண்டியதும் தொடை இறுகியது. காட்சியில் இருந்தபடியே காலடியைக் குறுக்கினேன், விளக்குக்கம்பங்களை எண்ணினேன், கை இடுப்புக்குப் போனது, மூன்றாவது புட்டியைத் திறந்தேன். சோடாவைப் போலச் சீறிக்கொண்டு பானகம் சட்டை முழுவதும் தெறித்தது. முந்தைய நாள் மதியமே கரைத்து வெளியில் வைத்திருந்தேன், புளித்துவிட்டது. மொட்டைமாடியில் நான் ஒத்திகை பார்த்த எந்தத் தடையிலும் இது இல்லை. அரை விநாடி கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு 'பானம் கெட்டால் பழம்' என்று அங்கேயே ஒரு வாக்கியத்தைக் கட்டி, பையில் இருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே ஓடினேன். திருவான்மியூரை ஓடியே கடந்தேன். கடைசி நான்கு கிலோமீட்டர் மெதுவாகத்தான் போனது, ஆனால் எங்கும் நடக்கவில்லை. முன்னும் பின்னும் எடை பார்த்ததில் 1.9 கிலோ குறைவு. வீட்டுக்கு வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்து இரண்டு சொம்பு கம்பங்கூழ் குடித்தேன், சின்ன வெங்காயத்தோடு.

தண்டையார்பேட்டை அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஜனவரியில் நான்கரை மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும். பானகம் புளிக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை ஓட்டம் | அக்டோபர் 6

தம்பி, தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து, வெல்லத்தையும் அதிலேயே போட்டு ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள். ஆறியபின் எலுமிச்சை சேருங்கள். புட்டியையும் மூடியையும் வெந்நீரில் கழுவுங்கள், பழைய பானகம் மூடியின் மரையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே உறைமோரைப் போல வேலை செய்யும். இரவு ஃபிரிஜ்ஜில் வைத்து, மூன்றாவது, நான்காவது புட்டிகளை மட்டும் முக்கால் பங்கு நிரப்பிப் பனிக்கட்டியாக உறையவிடுங்கள். நீங்கள் பெசன்ட் நகரைத் தாண்டும்போது மூன்றாவது புட்டி உருகியிருக்கும். நான்காவதைத் திருவான்மியூரில் நிற்கும் உங்கள் மகளிடம் கொடுத்துவையுங்கள்.